வீட்டு நாயும் எலிக்காய்ச்சலும்

இவ்வாரம் நமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்துவிட்டது. வடபகுதிக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாய் அதனை எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருப்பதால் பெயரை விடுத்து விஷயத்தை மாத்திரம் இங்கு தருகின்றோம்.

மாரி மழை பெய்து ஓய்ந்தபின் அவர்களுடைய வளவிலே ஒரு கிழமைக்கு மேலாக வெள்ளம் தேங்கி நின்றதாம். வீட்டிலே நான்கு வயது நாயொன்று உண்டு. கணவர் வயலுக்குப் போகும்போதெல்லாம் அதுவும் கூடப் போகும். வரம்பிலே நடக்கும், வாய்க்காலிலே இறங்கும், தாகமெடுத்தால் வயல் நீரையே குடிக்கும். அந்த நாய் இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. வாந்தியெடுத்தது, நடக்க மாட்டாமல் மூலையிலே சுருண்டு கிடந்தது, கண்கள் மஞ்சளித்துப் போயின. மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது, எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்து மருந்து கொடுத்திருக்கிறார். இப்பொழுது நாய் மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

இதன் பின்னரே வீட்டில் வழக்குத் தொடங்கியது. "பிள்ளை இருக்கிற வீட்டிலே இந்த நாய் இனி வேண்டாம், மதகுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்" என்கிறார் மாமியார். ஏழு வயது மகளோ நாயை விட்டால் தானும் சாப்பிட மாட்டேன் என்று அழுகிறாள். "நாயை வைத்திருக்கலாமா, விட்டுவிட வேண்டுமா? பிள்ளைக்கும் இந்த நோய் தொற்றுமா?" என்று கேட்கிறார் தாய்.

கடிதம் இத்துடன் முடியவில்லை. கையொப்பத்தின் கீழே, மறந்துபோன ஒன்றைச் சேர்த்தெழுதியது போல ஒரு வரி: "இவருக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சல். கால் தசையெல்லாம் உளைகிறது என்கிறார். மழையில் நனைந்ததுதானே என்று குளிசை போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்."

கடிதம் முழுவதிலும் நம்மைத் திடுக்கிட வைத்தது அந்தக் கடைசி வரியே. வீடு முழுவதும் நாயைப் பற்றி வழக்காடிக் கொண்டிருக்க, நாயோடு அதே சேற்றில் இறங்கி, அதே வாய்க்காலைக் கடந்து வந்த மனிதரை ஒருவரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல், கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அன்றே பேசினோம். "நாயைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். கணவரை இப்பொழுதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வயலில் இறங்கியதையும், நாய்க்கு நோய் வந்ததையும் வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்" என்று கூறினோம். அதன்பின் நடந்ததை ஈற்றிலே சொல்கின்றோம். அதற்கு முன்னர், நாய் வளர்க்கும் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்களைப் பார்ப்போம்.

வினாக்குறி போன்ற கிருமி

எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்ரோஸ்பைரா என்னும் கிருமி. நூலிழை போல் மெலிந்து, திருகாணி போல் சுருண்டு, நுனியிலே கொக்கியாக வளைந்திருப்பது. பார்ப்பதற்கு வினாக்குறியை ஒத்திருப்பதனால் அந்தக் கருத்துடைய பெயரையே அதன் ஓரினத்துக்கு விஞ்ஞானிகள் சூட்டினர்.

1886 ஆம் ஆண்டில் அடொல்வ் வைல் என்னும் ஜேர்மன் வைத்தியர், காய்ச்சலும் செங்கண்மாரியும் சிறுநீரகக் கோளாறும் ஒருங்கே தோன்றும் நோயொன்றை விவரித்து எழுதினார். கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் யப்பானியர். 1915 ஆம் ஆண்டளவில் இனாடா, இடோ என்னும் இரு அறிஞர்கள் அதனை நோயாளரிடமிருந்து பிரித்தெடுத்தனர். நாய்களில் தங்கும் தனி வகையொன்றை 1933 ஆம் ஆண்டில் ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் இனங்கண்டனர். நம் நாட்டில் இந்நோய் பரிசோதனை மூலம் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது 1959 ஆம் ஆண்டில்.

இது அருகிய நோயன்று. உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சம் பேருக்கு மேல் இதனாற் பீடிக்கப்படுகின்றனர் என்றும், ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர் என்றும் 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடொன்று கூறுகிறது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டு நோய் பெருகியபோது 7,000 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டனர்; உயிரிழந்தோர் 200 பேருக்கு மேல். இரத்தினபுரி போன்ற தென்மேற்கு மாவட்டங்களின் நோய் என்றே வடபகுதியார் பலர் இதனை எண்ணியிருந்தனர். 2024 ஆம் ஆண்டு டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்திலே ஒரு காய்ச்சல் பரவிச் சிலர் மாண்டனர். முதலில் "மர்மக் காய்ச்சல்" என்று ஊரார் பேசிக்கொண்டது, பின்னர் எலிக்காய்ச்சலே என்று உறுதியாயிற்று. வெள்ளம் நின்ற இடமெல்லாம் இந்நோய்க்கு ஊர்தான் என்பதை அவ்வாண்டு நாம் கண்டுகொண்டோம்.

எலியிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து நமக்கு

எலியின் சிறுநீரகத்தில் இக்கிருமி குடியிருக்கிறது. எலிக்கு அதனால் யாதொரு துன்பமும் இல்லை. அது ஓடித் திரியும் இடமெல்லாம் அதன் சிறுநீரோடு கிருமியும் வெளியேறுகிறது. ஆடு, மாடு, பன்றி ஆகியனவும் இவ்வாறே கிருமியைக் காவக் கூடும். வெயிலிற் காய்ந்த மண்ணிலே கிருமி விரைவில் மடிந்துவிடும். ஈரமண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் அது வாரக்கணக்காக, சில வேளை மாதக்கணக்காகவும் உயிர் தாங்கி நிற்கும்.

அந்த நீரில் நாம் இறங்குகிறோம். காலிலே சேற்றுப்புண்ணோ வெட்டுக்காயமோ இருந்தால் அதுவே கிருமிக்கு வாசல். காயமில்லாவிடினும், நெடுநேரம் நீரில் ஊறி மென்மையாகிப்போன தோல் வழியாகவும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்தோல் வழியாகவும் அது உட்புகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தோன்றும். முப்பது நாள் வரை பிந்துவதும் உண்டு.

நாய்க்கும் இதே கதைதான். அது வெறுங்காலோடு நடக்கிறது. குட்டை நீரைக் குடிக்கிறது. எலியைத் துரத்திப் பிடிக்கிறது. ஈரமண்ணை முகர்ந்து பார்க்கிறது. ஆகவே வீட்டிலுள்ளோர் எல்லோரிலும் கூடுதலாக இக்கிருமியைச் சந்திப்பது நாயேயாகும்.

இதனை அறிவதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. உயிருள்ள கிருமிகளோடு இரத்தத்தின் தெளிநீரைக் கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியிற் பார்ப்பார்கள். திரண்டால், அந்த உடல் கிருமியை முன்பே சந்தித்து எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கிறது என்பது பொருள். நோயே இல்லாத, ஓடி விளையாடும் நாய்கள் பலவற்றின் இரத்தத்திலும் உலகின் பல பாகங்களில் இச்சாட்சி காணப்பட்டிருக்கிறது. தடுப்பூசி போட்ட நாயிலும் இது தோன்றக்கூடும். எனவே பரிசோதனையின் பொருளை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கிருமியைச் சந்தித்தது வேறு, நோயுற்றது வேறு என்பதை மாத்திரம் நாம் மனத்திற் கொள்வோமாக.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இனி மாமியாரின் வாதத்துக்கு வருவோம். நாயிடமிருந்து மனிதருக்கு நோய் தொற்றுமா? தொற்ற முடியும். நோயுற்ற நாயின் சிறுநீரிலே கிருமி உண்டு. நோய்க்குறி எதுவும் இல்லாத நாயும் சில காலம் கிருமியை வெளியேற்றுவது உண்டு. ஆயினும் நாயிடமிருந்து நேராக மனிதருக்குத் தொற்றிய சம்பவங்கள் குறைவே. சுவிட்சர்லாந்திலே, இந்நோய் கண்ட நாய்களோடு பழகிய உரிமையாளர்களையும் மிருக வைத்தியசாலை ஊழியர்களையும் பரிசோதித்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், அவர்களில் ஒருவரின் இரத்தத்திலேனும் தொற்றின் சாட்சி காணப்படவில்லை. சாதாரண சுத்தம் பேணினால் வீட்டு நாயால் வரும் ஆபத்துச் சிறிது என்பதற்கு இது சான்று.

அப்படியாயின் நாய்க்கும் எசமானுக்கும் ஒரே காலத்தில் நோய் வருவது எதனால்? இருவரும் ஒரே நீரில் இறங்கியதால். நாய் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்த கள்வனன்று. இந்த வளவிலும் வயலிலும் கிருமி இருக்கிறது என்று முதலில் வந்து சொன்ன தூதனே அது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முன்னோர் வாக்கு. இங்கே எய்தது எலி. வில்லாய் வளைந்தது தேங்கிய நீர். நாயோ அம்புகூட அன்று. அம்பு தைத்து விழுந்த இன்னொரு பிராணி.

நோயுற்ற நாயை மதகுக்கு அப்பால் விடுவதால் யாருக்கு என்ன இலாபம்? எலி வளவிலேயே இருக்கும். நீர் வளவிலேயே நிற்கும். நாய் மாத்திரம் கட்டாக்காலியாகி, மருந்தும் இன்றி, ஊரார் கிணற்றடியெல்லாம் சிறுநீர் கழித்துக்கொண்டு திரியும். ஒரு வளவுக்குள் கட்டுப்படுத்தக் கூடிய ஆபத்தை ஊர் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்தவர்களாவோம். வீட்டிலே வைத்து உரிய மருந்தை முறையாகக் கொடுத்து முடித்தால், கிருமி வெளியேறுவதும் நின்றுவிடும். வைரவர் கோயில் வாசலில் நாயை வாகனமாகக் கண்டு கும்பிடுகிற நாம், வாசற்படியிற் கிடக்கும் நாயை நோய் நாளில் தெருவில் விடுவது தர்மமும் அன்று, புத்தியும் அன்று.

நாயைப் பேணும் முறை

நோயுற்ற நாய் வீட்டில் இருக்கும்போது செய்ய வேண்டியவை இவை.

அது சிறுநீர் கழிப்பதற்கு ஓர் இடத்தை ஒதுக்குங்கள். அவ்விடம் வெயில் படுவதாகவும், கிணறு, வாய்க்கால், தோட்டம் ஆகியவற்றுக்குத் தொலைவாகவும் இருத்தல் வேண்டும். சிறுநீர் பட்ட நிலத்தையோ பாத்திரத்தையோ கழுவும்போது இறப்பர்க் கையுறை அணியுங்கள். ஒரு பங்கு வெளிற்றுத் திரவத்துக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து ஊற்றித் துடைத்தால் கிருமி மடியும். நாயைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். வைத்தியர் சொல்லும் வரை பிள்ளைகள் நாயைக் கட்டியணைப்பதும், நாய் அவர்கள் முகத்தை நக்குவதும் வேண்டாம். கர்ப்பிணிகள் இவ்வேலைகளை வேறொருவரிடம் விட்டுவிடுவது நன்று. வீட்டிலே வேறு நாய்கள் இருந்தால், அவற்றுக்கும் மருந்து வேண்டுமா என்று மிருக வைத்தியரைக் கேளுங்கள். நாய் தேறிவிட்டதென்று கண்டதும் மருந்தை இடையிலே நிறுத்திவிடாதீர்கள். வெளித்தோற்றம் தேறிய பின்னரும் சிறுநீரகத்தில் கிருமி தங்கியிருத்தல் கூடும்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. "எங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுகிறோமே" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். விசாரித்துப் பார்த்தால் அது விசர்நோய்த் தடுப்பூசியாக இருக்கும். அது மிக அவசியமானதே. ஆனால் எலிக்காய்ச்சலைத் தடுக்காது. இதற்குரிய தடுப்பூசி வேறு. நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிகள் சிலவற்றில் அது சேர்ந்திருக்கும், சிலவற்றில் இராது. ஆகவே அடுத்த முறை ஊசி போடும்போது, எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் இதில் உண்டா என்று கேட்டு, உண்டெனில் நாயின் அட்டையிலே குறித்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்குச் சில வார இடைவெளியில் இரண்டு தடவையும், பின்னர் ஆண்டுக்கொரு தடவையும் அதனைப் போடவேண்டும். கிருமியில் வகைகள் பல. ஊசி தடுப்பது அவற்றுட் சிலவற்றையே. எனவே ஊசி போட்ட நாயையும் குட்டை நீர் குடிக்க விடாதீர்கள்.

மனிதரைப் பேணும் முறை

நாய்க்குத் தடுப்பூசி உண்டு. மனிதருக்கு நம் நாட்டில் அது வழங்கப்படுவதில்லை. எனவே நமக்குக் காவல் நம் விழிப்பே.

வயலில் இறங்கும் கமக்காரர், வாய்க்கால் துப்புரவு செய்வோர், வெள்ளம் நின்ற வீட்டைக் கழுவுவோர் ஆகியோர் இயன்றவரை பூட்ஸ் சப்பாத்து அணிதல் வேண்டும். காலிற் காயமிருந்தால் நீர் புகாவண்ணம் மூடிக்கட்ட வேண்டும். நோய் பரவும் காலங்களில், வயலில் இறங்குவோருக்கு முற்காப்பாக வாரத்துக்கு ஒருமுறை உட்கொள்ளும் டொக்ஸிசைக்கிளின் என்னும் மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இலவசமாகவே கொடுத்து வருகின்றன. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டாற் சொல்வார். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் வைத்தியர் சொல்லாமல் இதனை உட்கொள்ளலாகாது. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டபின்னரே பாவியுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். நாய்க்கு வைத்த சோற்றின் மிச்சத்தை இரவிலே வெளியில் விட்டுவைக்காதீர்கள். அது எலிக்கு விடும் அழைப்பாகும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. திடீர்க் காய்ச்சல், கடுந் தலையிடி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தொடமுடியாத தசைநோவு, பீளையின்றிச் சிவந்த கண் ஆகிய இவை, வெள்ளத்திலோ வயலிலோ இறங்கியவருக்கு வந்தால் அது "மழைக் காய்ச்சல்" என்று இருந்துவிடலாகாது. கண் மஞ்சளிக்கும் வரை, சிறுநீர் குறையும் வரை, இருமலில் இரத்தம் காணும் வரை காத்திருப்பவர்களே பெரும்பாலும் ஆபத்துக்குள்ளாகின்றனர். தொடக்கத்திலே சென்றால் இது எளிய மருந்துக்குக் கட்டுப்படும் நோய். பிந்தினால் சிறுநீரகமும் சுவாசப்பையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே தீங்காகும்.

வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் வயலில் இறங்கினேன்", "வளவிலே வெள்ளம் நின்றது", "எங்கள் நாய்க்கு எலிக்காய்ச்சல் என்று மிருக வைத்தியர் சொன்னார்". காய்ச்சல்கள் நூறு வகை. இந்தச் சில சொற்கள் வைத்தியருக்கு வழிகாட்டும். நாய்க்கு வந்த நோயை மனித வைத்தியரிடம் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மீண்டும் அந்த வீடு

எழுதிய சகோதரியிடமிருந்து சென்ற வியாழக்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. நாம் பேசிய அன்று மாலையே கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். அவர் முதலில் மறுத்தாராம். "நாய்க்கு வந்ததைப் போய் எனக்குச் சொல்லுகிறாயே" என்று கோபித்துக்கொண்டாராம். வைத்தியர் விஷயத்தைக் கேட்டதும் உடனே வார்ட்டிலே அனுமதித்து மருந்தேற்றினாராம். எலிக்காய்ச்சல் என்றே தீர்மானித்துச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பிவிட்டார். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்குமோ என்று வைத்தியர் சொன்னதை எழுதும்போது அவருடைய கையெழுத்தே நடுங்கியிருக்கிறது.

பிள்ளைக்குக் காய்ச்சல் எதுவுமில்லை. எனினும் ஒரு மாதம் வரை கவனித்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைப் பார்த்திருக்கிறார். கோடிப்புறத்திலே நெல் மூட்டைகளுக்குப் பின்னால் எலி வளைகள் இருந்தனவாம்.

நாய்? அது பின்வளவிலே வெயில் படும் இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. மருந்து இன்னும் நான்கு நாளைக்கு உண்டு. அதற்குச் சோறு வைப்பவர் யார் தெரியுமா? மாமியார்தான். "இது படுத்திருக்காவிட்டால் என் மகன் படுத்ததை நாங்கள் கவனித்திருக்க மாட்டோமே" என்று சொல்லிக்கொண்டே வைக்கிறாராம். வைத்துவிட்டுச் சவர்க்காரமிட்டுக் கைகழுவவும் மறப்பதில்லை என்று சகோதரி எழுதியிருக்கிறார். மகள் தள்ளி நின்று நாயோடு பேசுகிறாளாம்.

நேயர்காள், மாரி காலம் ஒவ்வோராண்டும் வரும். உங்கள் வீட்டு நாய் ஒரு நாள் சோற்றை மறுத்துச் சுருண்டு படுத்தால், அதனை மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். அத்துடன் வீட்டுக்குள்ளும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதனோடு நடந்து வந்தவர் எவரேனும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாரா என்று கவனியுங்கள்.